பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது, மேலே ஊற்றினால் போதுமா?

புதுக்குடியிருப்பு ஆல்ட்டோ:
அண்ணைமாருக்கு வணக்கம். என்னிடம் பழைய ஆல்ட்டோ கார் ஒன்று இருக்கிறது. போன கிழமை பரந்தனிலிருந்து வரும்போது விசுவமடுவில் மாடு குறுக்கே வர, பிரேக் அடித்தேன். டாஷ்போர்ட்டில் சிவப்பு பிரேக் லைட் மினுங்கி அணைந்தது. ஹான்ட் பிரேக் இறக்கித்தான் இருந்தது. பொனட்டைத் திறந்தால் ஒயில் கீழ்க் கோட்டுக்கு ஒரு நூல் மேலே, வெறுந்தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது. ஒரு போத்தல் வாங்கி ஊற்றிவிடு என்கிறான் மச்சான். சரியா?

கிளிநொச்சி பழைய மெக்கானிக்:
தம்பி, போத்தலைத் திறக்கமுதல் முன் சில்லைக் கழற்றிப் பாரும். பிரேக் பாட் (சில்லின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் இறங்கும். ஒழுக்கு இல்லாமலே மட்டம் குறைவது இப்படித்தான். இப்போது நிரப்பினால், புதுப் பாட் போடப் பிஸ்டனைத் தள்ளும்போது ஒயில் கிண்ணம் வழியும். வழிந்த ஒயில் பெயின்ரை உரித்துவிடும், பட்டால் உடனே தண்ணி ஊற்றிக் கழுவும். பாட் நல்ல தடிப்பாக இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சில்லுகளின் உட்பக்கம் ஈரமா என்று பாரும். ஈரமென்றால் கார் வளவை விட்டு வெளியே போகக்கூடாது.

நிறம் வேறு கதை. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 3 என்ற ரகம் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 வீதம் தண்ணி சேர்ந்தால் அந்தக் கணக்கு 140. டொட் 4 என்றால் 230, 155. கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றும். எது ஊற்றுவதென்று மூடியிலேயே எழுதியிருக்கும்.

பழையதை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்பும். பெடலை அமத்த ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்கும், எங்கள் கார்களில் அநேகமாகப் பின் இடது. சில்லின் உட்பக்கம் ஒயிலை வெளியே விடும் நிப்பிளில் சேலைன் குழாயை மாட்டி, மறுமுனையை ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்தும். ஒருவர் பெடலை அமத்திப் பிடிக்க, நீர் நிப்பிளைத் திறந்து மூடும். மூடின பிறகுதான் பெடலை விட வேண்டும். என் வீட்டில் பெடலுக்கு மனுசி. ‘அமத்து’, ‘விடு’ என்ற இரண்டு சொல்லில் எத்தனை வருடச் சண்டை! கிண்ணம் வற்றினால் காற்று ஏறும், திரும்ப முதலிலிருந்து.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் லாம்பெண்ணெயில் எஞ்சின் ஓட்டினோம். அதே துணிவில் ஒருவர் பிரேக்குக்கு எஞ்சின் ஒயில் விட்டுக்கொண்டு வந்தார். றப்பர் சீலெல்லாம் ஊதி, சில்லுகள் இறுகி, காரைத் தள்ளக்கூட முடியவில்லை.

மல்லாவி அக்வா:
இதைப் படித்துவிட்டு அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஸ்பனரோடு இறங்க வேண்டாம். அதில் பிரேக்குக்கு மின்பம்ப் இருக்கிறது, கணினி ஸ்கானர் இல்லாமல் காற்றுச் சரியாக வெளியேறாது. நான் கழற்றிப் பார்த்து, கடைசியில் வவுனியாவுக்கு ஏற்றிக்கொண்டு போனேன்.

புதுக்குடியிருப்பு ஆல்ட்டோ:
அண்ணை, பார்த்தேன். வலப்பக்கப் பாட் கடதாசி மட்டை அளவுதான் மிச்சம். இடப்பக்கம் பாதிக்கு மேல் இருக்கிறது. ஏன் இப்படி?

கிளிநொச்சி பழைய மெக்கானிக்:
வலப்பக்கம் பாட்டைப் பிடிக்கும் கவ்வி வழுக்கி ஓடும் ஸ்லைட் பின் தூசியில் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கன் கிறீஸ் பூசும். அது லேசாக ஓடியும் சில்லு இறுக்கமென்றால் பிஸ்டன்தான், கராஜில் விடும். பாட்டை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றும். மச்சான் வாங்கச் சொன்ன போத்தல் திறந்து கிடந்ததென்றால் அதைக் காருக்கு விட வேண்டாம்.