கேப்சுலோரெக்ஸிஸ்: வட்டவெட்டா, வட்டக்கிழிப்பா?

> ‘முன்னுறை வட்டவெட்டு’ என்றே வைத்துவிடலாமே?

கண்புரை அறுவையில் கண்வில்லையை மூடியிருக்கும் மெல்லிய உறையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறப்பதுதான் கேப்சுலோரெக்ஸிஸ். அதற்கான தமிழ்ச்சொல்லில் ‘வெட்டு’ வேண்டாம். பழைய முறையில் ஊசிமுனையால் சுற்றிலும் குத்திக் குத்தி வில்லையுறையைத் திறப்பார்கள். விளிம்பு தபால்தலை ஓரம்போல் பல்பல்லாக நிற்கும். கண்புரையின் கெட்டியான நடுப்பகுதியான கருவைச் சுழற்றும்போது அந்த இடுக்கு ஒன்றிலிருந்து கிழிசல் கிளம்பிப் வில்லையின் பின்பக்க உறையான பின்னுறைவரை போகக்கூடும். கண் மருத்துவர்களான கிம்பலும் நாய்ஹானும் 1980களில் கொண்டுவந்த முறையில் உறை வட்டமாக, விட்டுப்போகாமல் கிழிக்கப்படுகிறது. பிசிறில்லாத விளிம்புதான் அதன் பலம். ஆகவே ‘முன்னுறை வட்டக்கிழிப்பு’.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. நாம் கிழித்தால் கிழிப்பு, தானே கிழிந்தால் கிழிவு. பின்னுறை கிழிந்துபோவதைப் ‘பின்னுறைக் கிழிவு’ என்றால், செய்முறை எது, சிக்கல் எது என்று அறுவைக் குறிப்பைப் படித்ததுமே தெரியும்.

கிழிப்பு வட்டத்தை விட்டு ஓரத்துக்கு ஓடினால் அறுவை அரங்கில் ‘ரெக்ஸிஸ் ஓடிடுச்சு’ என்கிறோமே, அதற்குப் ‘புறவோட்டம்’ பொருந்தும். ஓட்டம் என்ற பேச்சுவழக்கும் அதில் நிற்கிறது, திசையும் தெரிகிறது. வில்லையின் முன்பரப்பு குவிந்தது. வில்லைக்கு முன்னுள்ள முன்னறையிலிருந்து, அதை நிரப்பி வைக்கும் கூழான விஸ்கோஎலாஸ்டிக் கசிந்து அறை ஆழம் குறைந்தால் வில்லை முன்னே தள்ளப்படும். கிழிப்பு சரிவில் இறங்குவதுபோல் ஓரத்துக்கு ஓடும். பயிற்சி மருத்துவர் பலர் கைவேகத்தைக் குறை சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது அறையின் ஆழத்தை. கால் வட்டத்துக்கு ஒருமுறை மடலை, அதாவது கிழிந்து மடிந்த உறைப்பகுதியை, விட்டு, கிழிமுனைக்கு அருகில் மறுபடி பிடிக்க வேண்டும். விட்டம் 5 முதல் 5.5 மி.மீ. இருந்தால் 6 மி.மீ. செயற்கை வில்லையின் ஓரம் உறைக்குள் அடங்கும். விழித்திரையிலிருந்து திரும்பும் செவ்வொளிர்வு தெரியாத வெண்புரையில் உறைக்குச் சாயமேற்ற 0.06% டிரைப்பான் நீலம் தேவை. உள்ளழுத்தம் மிகுந்த வெண்புரை முதல் குத்திலேயே இருபுறமும் பிளக்கலாம். நீல உறைகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டை தெரியும். ‘அர்ஜென்டினா கொடி’ என்ற பெயர் அப்படியே இருக்கட்டும்.

ஓடத் தொடங்கியதும் இழுப்பதை நிறுத்த வேண்டும். மறுபடி விஸ்கோஎலாஸ்டிக் நிரப்பி, மடலின் மடிப்பைப் பிரித்து உறைமேல் விரித்து, அடிப்பகுதியில் பிடித்து, கிழித்து வந்த வழியே முதலில் பின்னோக்கியும் பிறகு மையம் நோக்கியும் இழுத்தால் கிழிமுனை உள்ளே திரும்பும். இதை ‘மீட்பிழுப்பு’ எனலாமா?

‘மடல்’ மட்டும் உறுத்துகிறது. லேசிக் சிகிச்சையில் கருவிழியிலும் மடல் உண்டு. இங்கே ‘உறைமடல்’ என்று எழுதினால் குழப்பம் வராது.