வளைகுடாவில் இருப்பவரின் நாகர்கோவில் வீட்டு வாடகையில் 31.2 சதவீதம் பிடிப்பது நியாயமா?

குளச்சல்காரன்:
அண்ணன் குவைத்தில் இருக்கிறார், வடசேரிப் பக்கம் அவருக்கு ஒரு வீடு, வாடகை 25,000. புதிதாக வந்த குடித்தனக்காரர், வீட்டுக்காரர் என்ஆர்ஐ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்), அதனால் 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்துவிட்டுத்தான் தருவேன் என்கிறார். ஊரில் இருப்பவர் வீடு என்றால் மாத வாடகை 50,000 தாண்டினால்தான் குடியிருப்பவர் பிடிக்க வேண்டும், அதுவும் 2 சதவீதம். இவருக்கு மட்டும் முதல் ரூபாயிலிருந்தே. வெயிலில் கிடந்து சம்பாதித்துக் கட்டின வீடு மக்கா, வயிறு எரிகிறது.

மார்த்தாண்டம் தம்பி:
அண்ணே, அவர் சொல்வதுதான் சட்டம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை அவரைத்தான் கேட்கும். பிடித்த பணம் எங்கேயும் போகாது. வருடம் 3 லட்சம் வாடகை, அதில் 30 சதவீதம் கழிவு, மிச்சம் 2.10 லட்சம். புதிய வருமான வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. இங்கே வேறு வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் போட்டால் 93,600-ம் திரும்ப வரும். வீடு இங்கே, வருமானமும் இங்கே, இதற்கு வரிக்கணக்கு காட்டுவதில் என்ன தப்பு? குவைத் சம்பளத்தை யாரும் கேட்கவில்லையே.

கருங்கல் மாமா:
கேட்கப் பார்த்தார்களே தம்பி! 2020 பட்ஜெட் வந்தபோது இங்கே வளைகுடாக்காரர் வீடுகளில் எல்லாம் அதே பேச்சுதான்.

மார்த்தாண்டம் தம்பி:
மாமா, அந்த பட்ஜெட் விதி எந்த நாட்டிலும் வரி கட்டாத, ஆனால் இந்தியாவில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள குடிமக்களுக்கு. அவர்களுக்கும் அங்கே வேலை பார்த்து வாங்கும் சம்பளத்துக்கு வரி கிடையாது.

குளச்சல்காரன்:
திரும்ப வரும் சரி, அதுவரை மாதம் 7,800 முடங்கிக் கிடக்குமே, வீட்டுக்கடன் தவணையை யார் கட்டுவது? அப்புறம், ஊரில் இருப்பவருக்கு 12 லட்சம் வருமானம் வரை வரித் தள்ளுபடி, என்ஆர்ஐக்கு அது கிடையாது, 4 லட்சம் தாண்டினாலே வரி. வளைகுடாவில் ஒன்றும் கட்டுவதில்லை என்றும் நினைக்காதே. சவுதியில் குடும்பத்தைக் கூட வைத்திருந்தால் ஆளுக்கு மாதம் 400 ரியால், கடையில் வாங்கும் பொருளுக்கு 15 சதவீத வாட் வரி. ஓமனில் 2028 முதல் வருடம் 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு 5 சதவீத வருமான வரியே வருகிறது.

மார்த்தாண்டம் தம்பி:
42,000 ஓமன் ரியால் நம்ம ஊர் மேஸ்திரியும் டிரைவரும் வாங்குகிற சம்பளம் இல்லை அண்ணே. 12 லட்சத் தள்ளுபடிக்கு வருவோம். ஊரில் இருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கில் வரும். அண்ணனுடைய சம்பளம் வராது, வெளிநாட்டில் சம்பாதித்ததை இங்கே போட்டுவைக்கும் என்ஆர்இ வங்கிக் கணக்கின் வட்டிக்கும் வரி இல்லை. அதையெல்லாம் வைத்துக்கொண்டு தள்ளுபடியும் கேட்டால், இங்கே மாதச் சம்பளத்தில் வரி கட்டுகிற ஆசிரியர் என்ன சொல்வார்?

கருங்கல் மாமா:
தம்பி சொல்வது பெரிய சம்பளக்காரருக்குப் பொருந்தும். குவைத்தில் கொத்தனார் வேலை பார்ப்பவருக்கும் அதே விதி என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. சரி, இப்போதைக்கு அண்ணனைக் குறைந்த விகிதத்தில் பிடிக்கும் சான்றிதழுக்கு வருமான வரித் துறையில் விண்ணப்பிக்கச் சொல், ஆடிட்டர் ஒருவரைப் பிடித்தால் வேலை நடக்கும். வாடகை இன்னும் பழைய சேமிப்புக் கணக்கில் விழுந்தால் அதையும் என்ஆர்ஓ-வாக, அதாவது என்ஆர்ஐ இங்கே வரும் வருமானத்தைப் போடும் கணக்காக, மாற்றச் சொல்.