மாமன் மடிக்கு ஆள் தேடியபோது

போன மாதம் கொருக்குப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. மொட்டை போட்டு சந்தனம் பூசியாச்சு. ஆசாரி கம்பியை எடுத்துவிட்டு, "தாய்மாமன் யாருப்பா? வந்து மடியில வச்சுக்க" என்றார். குழந்தையின் அம்மா, வீட்டுக்கு ஒரே பிள்ளை. கடைசியில் அவளுடைய பெரியப்பா மகன், எண்ணூரில் ஷிஃப்ட் முடித்து வந்தவர், அதே காக்கிச் சட்டையோடு உட்கார்ந்தார். கம்பி ஏறும்போது குழந்தை அவர் சட்டைப் பித்தானைப் பிய்த்தே விட்டது. சீர்வரிசைத் தட்டுகளைப் குழந்தையின் அம்மா வழித் தாத்தாவே வாங்கி மாமன் பெயரில் வைத்திருந்தார். ஊருக்குத் தெரியாதா என்ன!

பந்தி முடிந்ததும் அந்த வீட்டு ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவரோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அவர் பெற்றது ஐந்து, தங்கியது மூன்று. கடைசிப் பிள்ளை 1970களில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தது. அது நடக்க ஆரம்பித்ததும் அங்கேயே போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாராம். அப்போது சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் இருந்ததே, அதைப் பார்த்தா என்று கேட்டேன்.

"செவுத்தப் பாத்தா பண்ணிப்பாங்க? மூணும் பொழச்சிக்கிச்சு, போதும்னு தோணிச்சு. மாமியார்கிட்ட குடல்வால் ஆபரேஷன்னுட்டேன்."

இளைய மகன் பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தவர். 1996ல் மில் மூடியபோது அவருக்குக் கைக்குழந்தை ஒன்று. அந்தக் கைக்குழந்தைதான் இப்போது காது குத்திய பிள்ளையின் அம்மா. அடுத்ததைப் பற்றி வீட்டில் யாரும் பேச்சே எடுக்கவில்லையாம்.

பிறப்பு குறைந்ததற்குப் பெண்களின் படிப்பைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியதும், பெரியவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டதும்தான் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை இருந்தால்தான் காலப்போக்கில் மக்கள்தொகை குறையாமல் நிற்கும். 2020ல் தமிழ்நாட்டுக் கணக்கு 1.4. இப்படியே போனால் தாய்மாமனுக்கு மட்டுமல்ல, அத்தைக்கும் ஆள் தேட வேண்டியதுதான்.

2024ல் ஒரு திருமண விழாவில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் பதினாறு பிள்ளைகளைப் பற்றிப் பேசியதைச் சொல்லி, "அடுத்தது எப்போம்மா?" என்று குழந்தையின் அம்மாவைச் சீண்டினேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. "அண்ணா, இந்த வீட்டுக்கு வரும்போதே எத்தனை பேருன்னு கேட்டுத்தான் ஓனர் சாவி கொடுத்தாரு. தண்ணி லாரிக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு" என்றாள்.