உப்புவெளியில் மார்கழியில் மணல் குறைவது காலநிலை மாற்றமா?

உயர்தர_மாணவி:
க.பொ.த. உயர்தரப் புவியியல் கள ஆய்வுக்கு "திருகோணமலைக் கரையோரத்தில் காலநிலை மாற்றம்" என்ற தலைப்பை எடுத்திருக்கிறோம். உப்புவெளியில் ஒரு தென்னையடியிலிருந்து தண்ணீர் வரை ஆவணியில் 38 காலடி, மார்கழியில் 21 காலடி. கடல் மட்டம் உயர்ந்ததால்தான் இது என்று எழுதலாமா? மகாவலி அணைகள்தான் காரணம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். ஆனி மாத வெக்கையையும் இதே தலைப்பில் சேர்க்கலாமா? விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைமணல்:
தங்கச்சி, எண்கள் சரியாக இருக்கலாம். ஆனால் ஆவணியையும் மார்கழியையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது பருவம் மட்டுமே.

உப்புவெளி, நிலாவெளிக் கரை வாடைக்கு முகம் காட்டிக் கிடக்கிறது. கார்த்திகையிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவக்காற்றில் அலை உயரமாகவும் அடுத்தடுத்தும் வரும். ஏறிய தண்ணீர் மணலுக்குள் சுவறுமுன் அடுத்த அலை ஏறிவிடும். ஊறி நிறைந்த மணல் மேற்கொண்டு தண்ணீர் குடிக்காது. அதனால் திரும்பும் நீர் மணலையும் இழுத்துக்கொண்டு இறங்கி, சற்று அப்பால் நீருக்கடியில் மணற்றடையாகப் போட்டுவிடும். சித்திரைக்குப் பிறகு கச்சான் என்னும் தென்மேல் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும்போது கடல் படுத்துவிடும். அப்போது வரும் தாழ்ந்த, நீண்ட அலை அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றும். போன மணலில் பெரும்பகுதி இப்படித்தான் திரும்பி வருகிறது.

மணலில் முழங்கால் ஆழம் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். வெளிறிய மணலுக்கு நடுவே விரல் தடிப்பில் கறுப்பு வரி தெரிந்தால், அது ஒரு மாரியில் கரை எந்த மட்டம் வரை இறங்கியது என்பதன் அடையாளம். படிக மணலின் அடர்த்தி 2.65, அந்தக் கறுப்புக் கனிமமான இல்மனைற்றின் அடர்த்தி 4.7 அளவில். அலை இலேசானதைக் கொண்டுபோய்விடும், கனமானது கிடந்துவிடும். புல்மோட்டையில் பெரும் படிவாகக் கிடக்கும் கனிய மணலும் இப்படித் தெரிந்தெடுக்கப்பட்டுச் சேர்ந்ததுதான்.

காலடி அளவை விட்டுவிடுங்கள். சாய்வு 10க்கு 1 என்றால் தண்ணீர் 30 சதமமீற்றர் (ச.மீ.) ஏறினாலே நீர்க்கோடு 3 மீற்றர் உள்ளே வந்துவிடும். நம் பக்கம் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனாலும் காலையில் எண்ணினீர்களா மாலையில் எண்ணினீர்களா என்பதே விடையை மாற்றப் போதும். நீர்க்கோட்டை அளப்பதைவிடக் கரையின் குறுக்குவெட்டை, அதாவது தரை கடலை நோக்கி இறங்கும் வடிவத்தை, அளப்பதுதான் சரி.

1.5 மீற்றர் கம்பு இரண்டு எடுத்து, தலையிலிருந்து கீழ்நோக்கிச் ச.மீ. குறியுங்கள். இரண்டையும் 2 மீற்றர் கயிற்றால் இணையுங்கள். தொடங்கும் புள்ளி மதகுக் கட்டு, கிணற்றுக் கட்டு போல அசையாததாக இருக்க வேண்டும். தென்னை வேண்டாம், மாரியில் அதுவே சரிந்துவிடும். இரண்டு கம்பையும் நிமிர்த்திப் பிடித்து, கடற்பக்கக் கம்பின் தலையும் தொடுவானமும் ஒரே கோட்டில் வருமாறு தரைப்பக்கக் கம்பினருகே கண்ணை வைத்துப் பாருங்கள். அந்தக் கம்பில் கண் நிற்கும் குறிதான் 2 மீற்றரில் தரை இறங்கிய அளவு. தரை கடல் பக்கமாக ஏறினால், தரைப்பக்கத் தலையிலிருந்து தொடுவானத்தைப் பார்த்து, பார்வை கடற்பக்கக் கம்பை வெட்டும் குறியைப் படியுங்கள். பிறகு முன்கம்பு நின்ற அதே பள்ளத்தில் பின்கம்பை வைத்து நகருங்கள்.

பிழை பெரும்பாலும் கம்பு ஈரமணலில் புதைவதால் வரும். அடியில் ஒரு பலகைத் துண்டை அடித்துவிடுங்கள். காலையில் சூரியன் கடல்மேல் நின்று கண்ணைக் கூசும், பிற்பகல்தான் வசதி.

நதிமுகம்:
கரைமணல் சொன்னதோடு உடன்படுகிறேன். மகாவலிக் காரணத்தை மட்டும் இடம் பிரித்துப் பார்க்க வேண்டும். கொத்மலை, விக்டோரியா (1985), ரந்தெனிகல (1986) நீர்த்தேக்கங்கள் மணலைத் தடுத்து வைத்திருக்கின்றன என்பது உண்மை. ஆற்றின் ஒரு கிளை மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது, இன்னொன்று வெருகலில். எனவே மூதூருக்கும் வெருகலுக்கும் அந்த வாதத்தை வலுவாகவே வைக்கலாம். உப்புவெளியோ துறைமுக வாயின் பாறை முனைகளுக்கு வடக்கே இருக்கிறது. நடுவில் கடலடிப் பள்ளத்தாக்கு குடாவுக்குள் புகுந்து கிடக்கிறது. அதில் சரியும் மணல் ஆழ்கடலுக்குத்தான் போகும், கரைக்குத் திரும்பாது. துறைமுகத்துக்கு ஆழம் கொடுத்த அதே பள்ளத்தாக்குத்தான் மணல் வடக்கே போகும் வழியையும் வெட்டிவிடுகிறது. உப்புவெளிக்கு அணையைக் காரணம் காட்டினால் பரிசோதகர் வரைபடத்தைக் காட்டிக் கேட்பார்.

கடல் மட்டத்துக்கு வருவோம். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் மதிப்பீட்டின்படி 2006 முதல் 2018 வரை உலகச் சராசரி உயர்வு ஆண்டுக்கு 3.7 மி.மீ. பத்து ஆண்டுக்கு 3.7 ச.மீ. அலை மணலை அசைக்கும் ஆழம் வரையுள்ள சாய்வு 50க்கு 1 என்று வைத்தால், கரை பத்தாண்டில் ஏறத்தாழ 1.9 மீற்றர் பின்வாங்கும். பாறைக் கரையிலும் மணல் வெளியே கசியும் இடத்திலும் இந்தக் கணக்குப் பொருந்தாது. உங்கள் 17 காலடி ஒரே மாரியில் வந்தது. அவ்வளவு பெரிய ஊசலுக்குள் இந்தச் சிறிய நகர்வு மறைந்துதான் கிடக்கும். அதே மாதத்தில், அதே கட்டிலிருந்து, ஆண்டுதோறும் அளந்தால்தான் அது தலைகாட்டும்.

கச்சான்:
ஆனி வெக்கைக்குச் சுருக்கமாக ஒரு கணக்கு. மேற்குக் கரையில் 28 பாகையோடு புறப்படும் காற்று 500 மீற்றர் வரை 100 மீற்றருக்கு 1 பாகை குளிர்ந்து 23 ஆகும். அங்கே நீராவி நீராக ஒடுங்கத் தொடங்கினால் மறைவெப்பம் வெளிவருவதால் பிறகு 100 மீற்றருக்கு 0.6 பாகைதான் குறையும், 2,000 மீற்றரில் 14. மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது ஈரமில்லை, 100 மீற்றருக்கு 1 பாகை சூடேறி 34 ஆகிவிடும். எந்தக் காலநிலை மாற்றமும் இல்லாமலே 6 பாகை கூடுதல். பூமியின் சராசரி வெப்பநிலை 1850-1900 காலத்தைவிட 2011-2020 இல் 1.1 பாகை உயர்ந்திருப்பது இதற்கு மேல் வந்து சேரும் சுமை. அதைக் காட்ட வேண்டுமானால் 1961-1990 ஆனிச் சராசரியை 1991-2020 ஆனியோடு ஒப்பிடுங்கள். ஒரு வருட ஆனியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

உயர்தர_மாணவி:
மிக்க நன்றி. தலைப்பை "உப்புவெளிக் கரையின் பருவகால மாற்றம்" என்று மாற்றி, காலநிலை மாற்றத்தைக் கடைசி அத்தியாயத்தில் வைக்கிறோம். ஒப்பீட்டுக்குக் கிண்ணியாவையும் எடுக்க நினைத்தோம். அங்கே எதிர்க்கரை தெரிகிறதே, தொடுவானத்துக்கு என்ன செய்வது?

கரைமணல்:
எதிர்க்கரை தெரிந்தால் கம்பு முறை பிழைக்கும், அந்தக் கோடு தொடுவானத்தைவிடக் கிட்டவும் உயரம் மாறியும் இருக்கும். மேசன்மார் பிடிக்கும் லெவல் ரியூப் போதும். தெளிவான குழாய் 8 மீற்றர், உள்ளே தண்ணீர், பார்வைக்கு ஒரு துளி சலவை நீலம். இரண்டு முனையையும் கம்புகளில் கட்டி, அடியிலிருந்து குறித்த அளவில் நீர் நிற்கும் இடத்தைப் படியுங்கள். கடற்பக்க அளவிலிருந்து தரைப்பக்க அளவைக் கழித்தால் இறக்கம். நகரும்போது முனையை மூடிய பெருவிரலை எடுக்க மறந்தாலும், உள்ளே ஒரு குமிழி நின்றாலும் நீர் பொய் மட்டம் காட்டும். கரையில் இறங்குமுன் இரண்டு கம்பையும் ஒரே பலகைமேல் நிறுத்தி, அளவு ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் குழாயைச் சுண்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள்.