ஜெர்மன் சமையல் என்று ஒன்று உண்டா?

வேம்பு:
போன வாரம் இங்கே ஒருவர், 'ஜெர்மன் சாப்பாடு என்றால் சாசேஜ், முட்டைக்கோஸ், பீர், அவ்வளவுதான்' என்று எழுதிவிட்டுப் போனார். அதற்காகத்தான் இந்தத் தனி இழை. என் கட்சி இதுதான்: ஜெர்மன் சமையல் என்று ஒன்று கிடையாது. தெற்கே பவேரியச் சமையல் உண்டு, தென்மேற்கே ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி ஸ்வேபியச் சமையல் உண்டு, மேற்கே ரைன்லாந்துச் சமையல் உண்டு, கடலோர வடக்கின் சமையல் உண்டு. வெளியே 'ஜெர்மன்' என்று பெயர் வாங்கியதில் பெரும்பகுதி பவேரியாவுடையது.

பவேரியத் தலைநகர் மியூனிக்கின் வைஸ்வுர்ஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கன்று இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் பார்ஸ்லியும் எலுமிச்சையும் சேர்ந்த வெள்ளை சாசேஜ். புகை போடாதது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் காலையில் செய்தது பிற்பகல் வரை தாங்காது. நண்பகல் மணி அடிப்பதற்குள் தின்றுவிட வேண்டும் என்ற வழக்கம் அப்படி வந்ததுதான். தொட்டுக்கொள்ள இனிப்புக் கடுகு, கூடவே முறுக்குப் போல வளைத்த ரொட்டியான ப்ரெட்சல். இதே நாட்டில் ஹாம்பர்க் போய் உட்கார்ந்தால் லாப்ஸ்காவுஸ் வரும். உப்புக்கண்ட மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் சேர்த்து மசித்திருப்பார்கள். மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் ஊறவைத்த வெள்ளரியும் ஹெர்ரிங் மீனும். நெடுங்கடல் போன மாலுமிகளின் சாப்பாடு அது. பல் ஆடிப்போனவனும் விழுங்கலாம்.

இந்த இரண்டையும் ஒரே பெயரில் அடைக்க என்ன நியாயம் இருக்கிறது? 1871 வரை அது ஒரே நாடாகக்கூட இல்லை.

அடுப்படி ராஜன்:
வேம்பு சார், இரண்டு ஓரத்தையும் எடுத்து வைத்தால் எந்த நாடும் இரண்டாகத்தான் தெரியும். நடுவுக்கு வாருங்கள்.

நான் கேட்டரிங் கல்லூரியில் ஐரோப்பியச் சமையல் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது உருளைக்கிழங்கு சாலட். வடக்கே மயோனைஸ் போடுவார்கள். தெற்கே கிழங்கு சூடாக இருக்கும்போதே இறைச்சிச் சாறும் வினிகரும் எண்ணெயும் ஊற்றுவார்கள். இதை வைத்து அவர்களுக்குள் தீராத வழக்கு. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, வடக்கானாலும் தெற்கானாலும், ஏராளமான வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான். மாலையில் அடுப்பு மூட்டாமல் ரொட்டி, சீஸ், குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், ஊறுகாய் என்று முடித்துக்கொள்கிற ஆபெண்ட்ப்ரோட் எந்த மாநிலத்தில் இல்லை? புளிப்புக்கு வினிகர், கொழுப்புக்குப் பன்றி, உறைப்புக்குக் கடுகு. இலக்கணம் ஒன்று, வட்டார வழக்குதான் பல.

'வட்டாரம்' என்று இப்போது அடிக்கிற முத்திரையில் எனக்கு நம்பிக்கை குறைவு. உள்ளே இறைச்சி அடைத்த மாவுப்பொதியான ஸ்வேபிய மவுல்டாஷனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது 2009-ல். அவர்களுடைய முட்டை நூடுல்ஸான ஷ்பெட்ஸ்லேவுக்கு 2012-ல். அது வியாபாரத்துக்கான காப்பு. அதைப் பண்பாட்டு எல்லைக்கோடாகப் படிக்கக் கூடாது.

ஹம் தயா:
ராஜன் அண்ணை, இலக்கணம் ஒண்டு எண்டுறது வகுப்பில சரியா இருக்கும். நான் ஜேர்மனியில வெஸ்ட்ஃபாலியாப் பக்கம், ஹம்மில இருக்கிறன். வேலை பேக்கரியில.

இஞ்ச பும்பர்நிக்கல் எண்டு ஒரு கறுப்புப் பாண். கோதுமை இல்லை, உடைச்ச றை தானியம். குறைஞ்சது 16 மணித்தியாலம் மெல்லிய சூட்டில கிடக்கவேணும். மொறுமொறு எண்டு மேல்தோல் வராது, ஆவியில வெந்தமாதிரி ஈரமா இருக்கும். அவ்வளவு நேரம் கிடக்கேக்க தானியத்தின்ர மாச்சத்து மெல்ல மெல்ல இனிப்பா மாறும், கறுப்பு நிறமும் அதாலதான். ஏன் றை? வடக்கில மணல் மண், குளிரும் கூட. கோதுமைக்கு அது ஒத்துவராது, றைக்கு வரும். தெற்கில கோதுமையும் அதின்ர இனமான ஸ்பெல்ட்டும் விளையுது. அதாலதான் அங்க மாப்பண்டம் கூட: ஷ்பெட்ஸ்லே, மவுல்டாஷன், மிஞ்சின பன்னைப் பாலில ஊறவிட்டு உருட்டுற க்னோடல். இது 2009-ல ஒரு கந்தோரில எழுதின வித்தியாசம் இல்லை, மண் எழுதினது.

சாவர்பிராட்டனையும் பாருங்கோ. வினிகரில நாள்க்கணக்கா ஊறவிட்டு வேகவைக்கிற இறைச்சி. ரைன்லாந்துக்காரர் திராட்சை வத்தலும் பீட் பாகும் போட்டுக் குழம்பை இனிப்பாக்குவினம். முந்தி குதிரை இறைச்சியிலதான் செய்தவை. என்னோட வேலை செய்யிற ஸ்வேபியன் ஒருத்தர் அந்தக் குழம்பைத் தொடவே மாட்டார்.

அடுப்படி ராஜன்:
தயா தம்பி, பேக்கரி விவரத்துக்கு நன்றி, வகுப்பில் சொல்வேன். ஆனால் மண் வாதம் பாதி தூரம்தான் போகும்.

க்யோனிக்ஸ்பெர்க் இறைச்சி உருண்டை, அதாவது க்ளோப்ஸ, வெள்ளைச் சாஸில் கேப்பர் மொட்டுகள் போட்டு வருமே, அது எந்த மண்? அந்த ஊர் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். 1945-க்குப் பிறகு அங்கே வாழ்ந்த ஜெர்மானியர்கள், அதாவது கிழக்கு பிரஷ்யர்கள், வெளியேற்றப்பட்டார்கள். ஊர் போயிற்று, உருண்டை ஜெர்மனி முழுவதும் வீட்டுச் சாப்பாடாக இருக்கிறது. ஸ்வேபியர்களின் பெருமையான பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும் சாசேஜும் அப்படித்தான். ஸ்வேபிய ஆல்ப் மேட்டில் அந்தப் பருப்புச் சாகுபடியே 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அற்றுப்போனது. வெளிநாட்டுப் பருப்பை வாங்கிச் சமைத்தார்கள், யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. சமையல் மனிதர்களோடு நகர்கிறது. மண்ணில் வேர் விட்டு நிற்பதில்லை.

ஸ்டுட்கார்ட் செல்வி:
அந்தப் பருப்புக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் ராஜன் சார். மீதியை நான் சொல்கிறேன்.

1980-களில் சில விவசாயிகள் பிரெஞ்சு விதையை வைத்து அந்த மேட்டில் மறுபடி பருப்பு போட ஆரம்பித்தார்கள். விளைந்தது, விற்றது. அதோடு திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் தாத்தா காலத்து ஆல்ப் ரகங்களைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். 2006-ல் அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாவிலோவ் நிறுவன விதைக் களஞ்சியத்தில் கிடைத்தன. கைப்பிடி விதையை வாங்கி வந்து, வருடக்கணக்கில் பெருக்கி, இப்போது இங்கே கடையில் வாங்க முடிகிறது. சுண்ணாம்புக் கல் நிறைந்த மண். பருப்புக்கொடி தானாக நிற்காது என்பதால் பார்லி மாதிரி ஒரு தானியத்தைத் துணைக்கு விதைத்து, இரண்டையும் ஒன்றாக அறுத்துப் பிரிக்கிறார்கள். எவ்வளவு வேலை! வியாபாரக் காப்புக்காக மட்டும் யாராவது இத்தனை பாடுபடுவார்களா? 'எங்கள் ஊர்ச் சாப்பாடு' என்ற பிடிப்பு இருந்ததால்தான் செய்தார்கள். அந்தப் பிடிப்பை நான் இங்கே தினமும் பார்க்கிறேன், அதை விளம்பரம் என்று ஒதுக்குவது எனக்கு வலிக்கிறது.

இன்னொன்று. மண் மட்டுமில்லை, சர்ச்சும் சமையலை வகுத்திருக்கிறது. தவக்காலத்தில் இறைச்சி கூடாது என்பதால் மாவுக்குள் மறைத்து வைத்ததுதான் மவுல்டாஷன் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். இன்றும் ஈஸ்டருக்கு முந்தின வாரம் அதுதான்.

எல்பெக்கரை:
சர்ச் என்றதும் கிழக்கே ட்ரெஸ்டனிலிருந்து நானும் வருகிறேன். எங்கள் ஊர் ஷ்டோலன் கேக் ஆதியில் வெண்ணெய் இல்லாத வறட்டுப் பண்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நோன்பில் வெண்ணெய் கூடாது. 1491-ல் போப் எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய் சேர்க்க அனுமதி கொடுத்து எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் இன்றைய ருசி.

ஆனால் ஒருவரும் கிழக்கைப் பற்றிப் பேசவில்லையே. அப்போது தனி கம்யூனிஸ்ட் நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனி 1952-ல் மாநிலங்களையே கலைத்து 14 மாவட்டங்கள் ஆக்கியது. பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் எல்லாரும் கேன்டீன் சாப்பாடு. அங்கே யேகர்ஷ்னிட்ஸல் என்றால் தடித்த சாசேஜ் வட்டத்தை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளி சாஸும் நூடுல்ஸும் வைப்பார்கள். மேற்கில் அதே பெயரில் காளான் குழம்போடு இறைச்சித் துண்டு வரும். ரஷ்ய சொல்யங்கா சூப் எங்கள் பக்கம் வீட்டு சூப்பாகவே ஆகிவிட்டது. நாற்பது வருட அரசியல் ஒரு புது வட்டாரத்தையே உண்டாக்கியிருக்கிறது. அதே நாற்பது வருடமும் அதே கிழக்கின் தூரிங்கியாக்காரர்கள் ஞாயிறு தவறாமல் பச்சை உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, வெந்த கிழங்கோடு பிசைந்து, நடுவில் வறுத்த ரொட்டித் துண்டு வைத்து உருண்டை பிடித்தார்கள்.

அடுப்படி ராஜன்:
எல்பெக்கரை எழுதியது எனக்குத்தான் சாதகம். சர்ச்சின் நோன்புச் சட்டம் ஒன்று. அதுதான் தெற்கே மவுல்டாஷனையும் கிழக்கே ஷ்டோலனையும் வடிவமைத்தது. உருளைக்கிழங்கும் அப்படியே. பிரஷ்யாவின் இரண்டாம் ஃப்ரெடெரிக் 1756-ல் பயிரிடச் சொல்லி ஆணையிட்ட கிழங்கு, லாப்ஸ்காவுஸ், தூரிங்கிய உருண்டை, ஸ்வேபிய சாலட் எல்லாவற்றிலும் இருக்கிறது. பொதுவான சட்டமும் பொதுவான பொருளும் இருந்தால் அதற்குப் பொதுவான பெயரும் இருக்கலாம்.

வேம்பு:
பொருள் பொதுவாக இருந்தால் சமையல் ஒன்றாகிவிடாது ராஜன் சார். நீங்கள் மாநிலம் மாநிலமாகப் பார்க்கிறீர்கள், நான் ஒரே மாநிலத்துக்குள் காட்டுகிறேன். ஹெஸ்ஸனின் பச்சை சாஸ். பிராங்பர்ட்டில் ஏழு மூலிகை: போராஜ், கெர்பெல், க்ரெஸ், பார்ஸ்லி, பிம்பினெல், சாரல், சைவ்ஸ். ஏழையும் ஒரே காகிதத்தில் சுற்றி சந்தையில் விற்பார்கள். பச்சையாகவே நறுக்கிப் புளித்த க்ரீமில் கலப்பார்கள். அதே மாநிலத்தின் வடக்கே காசெல் போனால் பெரும்பாலும் கெர்பெலும் க்ரெஸ்ஸும் கிடையாது, டில் சேரும். வாசனையே வேறு. பிராங்பர்ட் சாஸைத் தங்கள் சாஸ் என்று காசெல்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அடுப்படி ராஜன்:
வேறுபாடு இருக்கிறது என்பதில் எனக்கு என்றைக்கும் மறுப்பில்லை. 'ஜெர்மன் சமையல் கிடையாது' என்ற உங்கள் முதல் வரிதான் மறுப்பு. காசெலோ பிராங்பர்ட்டோ, அந்தச் சாஸுக்குப் பக்கத்தில் இருப்பது வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும்.

ஹம் தயா:
அண்ணை, அந்தக் கிழங்கு ஹம்பேர்க்கிலயும் இருக்கு, மியூனிக்கிலயும் இருக்கு. ஆனா பிராங்பர்ட் சனம் சந்தையில வரிசையில நிக்கிறது கிழங்குக்கு இல்லை, அந்த ஏழு இலைக்கு.