பழைய ஹாலிவுட் படங்களை வீட்டுத் திரையில் பார்ப்பது: கறுப்புப் பட்டைகளும் அசையும் புள்ளிகளும் குறைகளா?

மாலைக்காட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு மதுரைக்குத் திரும்பியிருக்கும் என் தாய்மாமா, அங்கே தேடித் தேடி வாங்கிய அறுபதுக்கும் மேற்பட்ட டிவிடி, ப்ளூ-ரே வட்டுகளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். அனைத்தும் 1930களிலிருந்து 1960களின் தொடக்கம் வரை வந்த ஹாலிவுட் படங்கள். அவருக்கு வயது 78. ஞாயிறுதோறும் மாலையில் அவரை வீட்டுக்கு அழைத்து வந்து ஒரு படத்தைச் சேர்ந்து பார்ப்பது என்று தீர்மானித்து, அதற்காகவே 55 அங்குலத் தொலைக்காட்சியும் ஒரு ப்ளூ-ரே பிளேயரும் வாங்கினேன்.

முதல் ஞாயிறன்று 'காசாபிளாங்கா' போட்டபோது படம் திரையின் நடுவில் மட்டும் தெரிந்தது; இரு பக்கங்களிலும் கறுப்புப் பட்டைகள் நின்றன. இவ்வளவு பெரிய திரையில் இத்தனை இடம் வீணாகிறதே என்று என் மகன் ரிமோட்டில் ஜூம் வைத்துப் படத்தைத் திரை முழுவதும் நிரப்பினான். மாமா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் வாடியதைக் கவனித்தேன். சுவர், வானம் போன்ற வெற்றுப் பரப்புகளில் நுண்ணிய புள்ளிகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. நடிகர்களின் அசைவோ பழைய சினிமாவைப் போல இல்லாமல், நேற்று எடுத்த தொலைக்காட்சித் தொடரைப் போல வழுக்கிச் சென்றது. வேறு சில வட்டுகளைப் பிளேயர் ஏற்கவே மறுக்கிறது. இவற்றில் எது வட்டின் குறை, எது கருவியின் குறை, எது அந்தப் படங்களின் இயல்பு என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுருள்பெட்டி எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் மாமாவின் முகம் வாடியதற்குத் தக்க காரணம் உண்டு. அமெரிக்கத் திரைத்துறை 1932இல் 1.37:1 என்ற திரை விகிதத்தைப் பொது அளவாக ஏற்றுக்கொண்டது. உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 1.37 பங்கு. அன்றிலிருந்து 1953 வரை ஹாலிவுட்டில் உருவான ஏறக்குறைய எல்லாப் படங்களும் அந்தச் சட்டத்துக்கு ஏற்பவே எடுக்கப்பட்டன. உங்கள் தொலைக்காட்சியின் விகிதம் 1.78:1 என்பதால், படத்தை உயரம் குறையாமல் வைத்தால் பக்கங்களில் இடம் மிஞ்சத்தான் செய்யும். அந்த இடத்தை ஜூம் கொண்டு நிரப்பினால், படத்தின் உயரத்தில் சுமார் 23 விழுக்காடு மேலும் கீழுமாக வெட்டுப்பட்டுப் போகிறது.

இந்த இழப்பு எத்தகையது என்பதை நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேரின் படங்களில் காணலாம். தம் நடனக் காட்சிகளில் தலை முதல் பாதம் வரை முழு உருவமும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதிலும், ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டக்கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். 'டாப் ஹாட்' (1935) படத்தை ஜூம் செய்து பார்ப்பவருக்கு அவருடைய காலணிகள் தெரியாமல் போகும். தட்டும் ஓசை கேட்கும், தட்டுகிற கால் இருக்காது. 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் கேமராவைத் தரையோடு தாழ்த்தி வைத்து, அறைகளின் மேற்கூரையையும் காட்டி, மனிதர்களை அந்தக் கூரைக்கடியில் அழுந்தி நிற்பவர்களாக அமைத்தார். அந்தக் கூரையைத்தான் ஜூம் முதலில் வெட்டும்.

தொலைக்காட்சி வந்து திரையரங்குகளில் கூட்டம் குறைந்தபோது, வீட்டுப் பெட்டியால் தர முடியாத அகலத்தைத் தர விரும்பிய ஹாலிவுட், 1953இல் 'தி ரோப்' படத்தின் வழியாக சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. அதன் தொடக்ககால விகிதம் 2.55:1. இவ்வகைப் படங்களுக்கு உங்கள் திரையில் பட்டைகள் மேலும் கீழும் வரும். விஎச்எஸ் வீடியோ நாடாக்களின் காலத்தில் இவற்றைப் பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டத்துக்குள் அடைக்க, படத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இடமும் வலமும் நகர்த்திக் காட்டினார்கள். ஸ்கோப் படத்தின் பாதிக்கு நெருக்கமான பரப்பு அதில் காணாமல் போனது. முழு அகலத்தையும் பட்டைகளோடு தந்த லேசர்டிஸ்க் பதிப்புகளைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்கியது இதனால்தான். உங்கள் மாமா அந்தக் காலத்தை அங்கே வாழ்ந்து கடந்தவர். கறுப்புப் பட்டை அவருக்கு வெற்றிடமாகத் தெரியாது. படம் முழுதாக இருக்கிறது என்ற உறுதியாகத் தெரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். டிவிடியின் தொடக்க ஆண்டுகளில் வந்த சில அகலப்படங்கள், பட்டைகளையும் சேர்த்தே 4:3 சட்டத்துக்குள் பதியப்பட்டவை. அவை உங்கள் திரையில் நான்கு பக்கமும் கறுப்புச் சூழ ஒரு சிறு சன்னல் போலத் தெரியும். அவற்றுக்கு மட்டும் ஜூம் வைப்பது சரி.

வண்ணச்சுருள் எழுதியது:

புள்ளிகளைப் பற்றி நான் விளக்குகிறேன். நீங்கள் பார்ப்பது கிரெய்ன் எனப்படும் பிலிம் துகள். கறுப்பு-வெள்ளை பிலிமில் படத்தை உருவாக்குவதே நுண்ணிய வெள்ளித் துகள்கள்தாம். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது பிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப்படத்திலும், அவை வெவ்வேறு இடங்களில் படிந்திருப்பதால், நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும்போது அவை அசைவது போலத் தோன்றுகிறது. துகளை முழுவதும் துடைத்தால் அதனோடு துணியின் நெசவும், முகத்தின் சுருக்கமும், முடியிழையும் போய்விடும், மனிதர்கள் மெழுகுப் பொம்மைகளைப் போலாகிவிடுவார்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு 'சிட்டிசன் கேன்' படத்தின் 2001ஆம் ஆண்டு டிவிடி. முதுமையடைந்த பெர்ன்ஸ்டைன் என்ற பாத்திரம் தம் அலுவலகத்தில் அமர்ந்து பழைய நினைவுகளைச் சொல்லும் காட்சியில், பின்னால் உள்ள சன்னலில் மழை பெய்துகொண்டிருக்கும். துகளையும் கீறல்களையும் நீக்கும் பணியில் அந்த மழையும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிட்டது. 2011இல் வந்த ப்ளூ-ரேயில்தான் மழை திரும்பி வந்தது. ஆகவே உங்கள் தொலைக்காட்சியில் படத்தின் இரைச்சல் குறைப்பு (நாய்ஸ் ரிடக்‌ஷன்) என்ற பெயரில் எது இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். கூர்மை அளவையும் வெகுவாகக் குறையுங்கள். அது இல்லாத விவரத்தைத் தராது, இருக்கும் துகளை உறுத்தலாக்கும்.

எல்லா வட்டுகளும் ஒரே தரத்தில் இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வட்டின் தரம் முதலில் எந்தப் பிலிம் பிழைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றுவது, காலப்போக்கில் சிதைவது. 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கு எரிந்து எண்ணற்ற மௌனப் படங்கள் அழிந்தன. 'சிட்டிசன் கேன்' படத்தின் அசல் நெகடிவும் தீக்கு இரையானதுதான். நாம் இன்று பார்ப்பது, தப்பிய பிரதிகளிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. ஒரு காட்சி கூர்மையாகவும் அடுத்தது மங்கலாகவும் தெரிந்தால், பெரும்பாலும் அந்தப் பகுதிக்குக் கிடைத்த பிரதி அத்தகையதாக இருந்திருக்கும்.

வண்ணப் படங்களில் டெக்னிகலரைத் தவறாமல் பாருங்கள். கேமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியைப் பிரிக்க, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மூன்று கறுப்பு-வெள்ளை நெகடிவ்கள் ஒரே சமயத்தில் ஓடின. திரையரங்குப் பிரதியில் சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து வண்ணத்தை உருவாக்கினார்கள். அசல் நெகடிவ்களில் வண்ணச் சாயமே இல்லாததால், பிற்கால ஈஸ்ட்மன்கலர் நெகடிவ்களைப் போல வெளிறிப்போக அங்கே எதுவும் இல்லை. ஆனால் மூன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கியதால், பழைய வீடியோ பதிப்புகளில் உருவங்களின் ஓரங்களில் வண்ண விளிம்புகள் தெரிந்தன. கணினி வழியாக மூன்றையும் இம்மியும் பிசகாமல் பொருத்தும் முறை வந்த பிறகுதான் அந்த நெகடிவ்களில் உறங்கிக்கிடந்த நுட்பம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தின் 2019ஆம் ஆண்டு 4கே வட்டு, அந்த அசல் நெகடிவ்களை 8கே அளவில் ஸ்கேன் செய்து உருவானது. பழுப்பு நிறக் கான்சாஸிலிருந்து டாரதி கதவைத் திறந்து வண்ண உலகுக்குள் காலெடுத்து வைக்கும் அந்தக் கணத்தை உங்கள் மாமாவோடு ஒருமுறை விளக்கை அணைத்துப் பாருங்கள்.

கடைசிவரிசை எழுதியது:

எஞ்சிய இரண்டு ஐயங்களுக்கு என் பதில். அசைவு வழுக்கிச் செல்வதற்குக் காரணம், ஃபிரேம்களுக்கு இடையே இல்லாத ஃபிரேம்களைத் தொலைக்காட்சியே கற்பித்துச் சேர்ப்பதாகும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அமைப்புகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட இந்த அமைப்பு, அசைவு மென்மையாக்கலையும் துகள் நீக்கத்தையும் அணைத்து, திரை விகிதத்தையும் உள்ளபடியே வைக்கும். அது இல்லையென்றால் சினிமா அல்லது மூவி என்ற அமைப்பை வைத்து, வண்ண வெப்பத்தை வார்ம் நிலைக்கு மாற்றுங்கள். கடையில் பளிச்சென்று காட்டுவதற்கான அமைப்பில் கறுப்பு-வெள்ளைப் படங்கள் நீலம் பாரித்துத் தெரியும்.

பிளேயர் ஏற்க மறுப்பது மண்டலக் குறியீட்டால், அதாவது வட்டு உலகின் எந்தப் பகுதிக்கு உரியது என்று அதில் பதிந்திருக்கும் அடையாளத்தால். டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. குறியீடு இல்லாத வட்டுகள் எந்தப் பிளேயரிலும் ஓடும், குறியிட்டவை வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடா. வட்டுகள் பழுதடையவில்லை, எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் ஒன்று இருந்தால் மாமாவின் சேகரிப்பு முழுவதும் உயிர்பெறும். டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் தனித்தனியாக அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 4கே யுஎச்டி வட்டுகளுக்கு மண்டலக் கட்டுப்பாடு கிடையாது. அவற்றுக்கு அதற்குரிய பிளேயர் வேண்டும், அவ்வளவுதான்.

ஒலியிலும் கவனம் தேவை. 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் கேட்ஸும் 'வெர்டிகோ' (1958) படத்தை மீட்டெடுத்தபோது, காலடி ஓசை உள்ளிட்ட பல ஒலிகளைப் புதிதாகப் பதிவு செய்து சேர்த்தார்கள். படத்தைக் காப்பாற்றிய அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் புதிய ஓசைகள் அந்தக் காலத்துக்கு உரியவையாக எனக்குப் படவில்லை. ஒலித்தடங்களின் பட்டியலில் மோனோ (ஒற்றைத்தட ஒலி) என்று இருந்தால் அதையே முதலில் தேர்ந்தெடுங்கள். மாமாவுக்குக் கேட்பதில் சிரமம் இருந்தால், பெரும்பாலான வட்டுகளில் செவித்திறன் குறைந்தோருக்கான ஆங்கில சப்டைட்டில் இருக்கும்.

மாலைக்காட்சி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஞாயிறன்று எல்லாவற்றையும் நீங்கள் சொன்னபடி மாற்றினேன். ஜூமை நீக்கி 'டாப் ஹாட்' போட்டதும் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடனம் முடிந்ததும் அந்தப் பகுதியை மீண்டும் வைக்கச் சொல்லி, என் மகனை அருகில் அமர்த்தி, காலைப் பார், காலை மட்டும் பார் என்றார். அவன் இப்போது கறுப்புப் பட்டைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னும் ஓர் ஐயம். அடுத்த வாரத்துக்காக 'கான் வித் தி விண்ட்' வட்டைச் சோதித்தபோது, தொடக்கத்தில் வெகுநேரம் இசை மட்டும் ஒலிக்கிறது. கதை தொடங்கவே இல்லை. படத்தின் நடுவிலும் இப்படியே ஆகிறது. வட்டில் ஏதேனும் பழுதா?

சுருள்பெட்டி எழுதியது:

பழுதில்லை ஐயா. அது ஓவர்ச்சர் எனப்படும் முன்னிசை. நான்கு மணி நேரத்தை நெருங்கும் அந்தப் படம் 1939இல் பெரிய அரங்குகளில் திரையிடப்பட்டபோது, மக்கள் உள்ளே வந்து இருக்கையில் அமரும் வரை இந்த இசை ஒலித்தது. நடுவில் வருவது இடைவேளையும், அது முடிந்து மக்களை மீண்டும் உள்ளே அழைக்கும் இசையும். 'பென்-ஹர்' (1959), 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) ஆகியவற்றிலும் இதே அமைப்பு உண்டு. அவையும் மாமாவின் பெட்டியில் இருக்கக்கூடும். ரிமோட்டில் தாவிச் செல்லாமல் முன்னிசையை ஓடவிட்டு, அது முடிவதற்குள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். இடைவேளை வரும்போது காப்பி போட்டுவிடலாம்.