மூன்று நிமிடக் கதை ஆய்வைக் கற்றுத் தருமா?

காட்பாடி நெறியாளர்:
எங்கள் முதுகலைச் சுற்றுச்சூழல் மாணவர்களுக்கு ஆய்வு முறையியலை டிஜிட்டல் கதைசொல்லல் வழியே கற்பிக்க எண்ணுகிறேன். 1990களில் கலிஃபோர்னியாவில் டேனா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலியோர் பட்டறைகளில் வளர்த்த முறை இது. ஏறத்தாழ 300 சொற்களில் எழுதி, வட்டமாக அமர்ந்து வாசித்துத் திருத்தி, சொந்தக் குரலில் பதிந்து, சில நிழற்படங்களோடு சிறு காணொளியாக்குவார்கள். ஆய்வு வினா எங்கே பிறந்தது, எங்கே இடறியது என்பதையே எங்கள் மாணவர் சொல்ல வேண்டும்.

ஆற்காட்டார் (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
ஐயா, கதை சொல்பவருக்கு முடிவு முன்பே தெரிந்திருக்கும்; ஆய்வாளருக்கு அது ஆகாது. பாலாற்றைப் பற்றிக் கேட்டால், மாதிரி எடுக்கும் முன்பே தோல் பதனிடும் ஆலைதான் குற்றவாளி என்று நம் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். 1996இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் ஆலைக் கழிவு குறித்துத்தான் என்பதால் அந்தக் கதைக்கு வலுவும் உண்டு. ஆயினும் ஒரு குறிப்பிட்ட கிணற்றில் ஏறிய உப்பு பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போட்டதா, நிலத்தடிப் பாறையிலிருந்து வந்ததா என்பதைத் தீர்ப்பு சொல்லாது, அளவீடுதான் சொல்லும். உருக்கமான பின்னணி இசை வேறு சேர்ந்துவிட்டால், எந்த எண்ணும் காதில் ஏறாது.

வாணியம்பாடி மாணவி:
சென்ற ஆண்டு நான் இப்படியொரு கதை செய்தேன். மாற்று நீராதாரம் இல்லாதபோது இந்தியத் தர நிர்ணயம் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு, லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் கரைந்த திடப்பொருள், அதாவது நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவை. எங்கள் ஊர்க் கிணறு அதைத் தாண்டும் என்று நம்பிப் போனேன். நவம்பரில் கிடைத்த அளவு வெகு கீழே இருந்தது. வட்டத்தில் வாசித்தபோது, "ஏன் நவம்பர்?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன் என்பதைத் தவிர என்னிடம் விடை இல்லை. அது மழைக்குப் பின் எடுத்த நீர் என்பது அப்போதுதான் உறைத்தது. மே மாதம் மறுபடியும் போய் எடுத்தேன்.

ஆற்காட்டார்:
அம்மா, இது என் பக்கத்துக்கே துணை. உங்களைத் திருத்தியது தோழியின் கேள்வி, காணொளி அன்று. களக் குறிப்பேட்டை வாசித்திருந்தாலும் அதே கேள்வி எழுந்திருக்குமே.

வாணியம்பாடி மாணவி:
குறிப்பேட்டில் தேதி மட்டுமே இருந்தது, ஐயா. வறண்ட பாலாறு என்ற வரிக்கு நான் வைத்திருந்த படத்தில் கிணறு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் கேட்டாள்.

ஆற்காட்டார்:
பாதி ஏற்கிறேன். ஆனால் ஆலைத் தொழிலாளியின் முகமும் குரலும் இணையத்தில் ஏறினால், அவருடைய வேலைக்கு யார் பொறுப்பு? மதிப்பெண்ணும் காணொளியின் அழகுக்கு வேண்டாம். முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையில் வினா எப்படி மாறியது என்பதற்கு மட்டும் கொடுங்கள்.

காட்பாடி நெறியாளர்:
காணொளிகள் வகுப்பறையைத் தாண்டாது. எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் யார் முகமும் அதில் வராது. மதிப்பெண்ணில்தான் எனக்கு உடன்பாடில்லை. காணொளிக்கென்று பத்து மதிப்பெண்ணாவது ஒதுக்காவிட்டால் கடைசி வாரம் வரை ஒருவரும் தொடமாட்டார்கள் என்பது இத்தனை ஆண்டு பாடம் நடத்திய உங்களுக்குத் தெரியாததா?